பின்வாங்கும் கோடுகள்

கோப்பை நகலெடுக்கும்போது திரையில் ஒரு பட்டை வரும், இடமிருந்து வலமாக நிறம் நிரம்பிக்கொண்டே போகும். எல்லோரும் பார்த்ததுதான். அந்த நிறத்துக்குள் மெல்லிய கோடுகள் எதிர்த்திசையில், வலமிருந்து இடமாக ஓடினால் என்ன ஆகும்? 2010இல் கிறிஸ் ஹாரிசனும் அவருடைய சகாக்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்காரர்கள். பட்டை நிரம்பும் நேரத்தில் ஒரு நொடிகூடக் குறையவில்லை. ஆனால் பார்த்தவர்களுக்குக் காத்திருப்பு சுமார் 11 சதவீதம் குறைந்ததுபோல் இருந்தது.

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறோம். வண்டி இன்னும் கிளம்பவில்லை. பக்கத்துத் தண்டவாளத்து ரயில் பின்னால் நகர்ந்ததும், நம் வண்டிதான் புறப்பட்டுவிட்டது என்று ஒரு கணம் மனம் துள்ளுமே, அதே கண்மயக்கம்தான் இங்கும். கோடுகள் பின்வாங்குவதால் பட்டையின் முனை முன்னே பாய்வதாகத் தோன்றுகிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது, முனை பொய் சொல்லாமல் இருப்பது. பாதி வேலை முடிந்திருந்தால் அது பாதியில்தான் நிற்கிறது. மயக்கம் முழுவதும் உள்ளே ஓடும் கோடுகளில் இருக்கிறது.

இதற்கு 3 ஆண்டுகளுக்கு முன், 2007இல், ஹாரிசனும் வேறு சிலரும் இன்னொன்றைக் கவனித்தார்கள். ஒரே நேரம் எடுக்கும் இரண்டு பட்டைகளை அடுத்தடுத்துக் காட்டி, எது சீக்கிரம் முடிந்தது என்று கேட்டார்கள். கடைசியில் வேகமெடுத்த பட்டைதான் சீக்கிரம் முடிந்ததாகப் பட்டது. முடியும் தறுவாயில் தயங்கி நின்றதை யாருக்கும் பிடிக்கவில்லை. பந்தியில் சாம்பார், ரசம் எல்லாம் கேட்குமுன் வந்திருக்கும். கடைசியில் மோர் வர நேரமாகிவிட்டால், கைகழுவும் இடத்தில் பேச்செல்லாம் அந்த மோரைப் பற்றித்தானே?

என் மகளின் கல்லூரி விண்ணப்பத்தை அனுப்பிய இரவு நினைவுக்கு வருகிறது. சான்றிதழ்களை ஏற்றும்போது பட்டை 99இல் நின்றுவிட்டது. "எவ்வளவுப்பா ஆச்சு?" என்று அடுத்த அறையிலிருந்து கேட்டாள். "தொண்ணூத்தொம்பது." கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டாள். அதே பதில். மூன்றாம் முறை கேட்கவில்லை. எழுந்து வந்து என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதுவரை ஓடிய 98 எண்களும் எப்படிப் போயின என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. அந்த ஒற்றை எண்ணின் நீளம் மட்டும் இன்றும் நினைவிருக்கிறது.

ஆனாலும் அந்த எண்ணாவது இருந்ததே. 1984இன் மெக்கின்டாஷ் கணினியில் காத்திருக்கச் சொன்னது சூசன் கேர் வரைந்த குட்டிக் கைக்கடிகாரம். அழகான படம். 'பொறு' என்று சொல்லும், எவ்வளவு நேரம் என்று சொல்லாது. இன்று திரையில் வளையம் சுழலும்போது "சுத்திக்கிட்டே இருக்கு" என்கிறோமே, அந்தக் குரலில் இருப்பது எரிச்சலைவிடத் திகைப்புதான். எவ்வளவு முடிந்தது என்று காட்டிவிடுங்கள் என 1985இலேயே ஒரு கட்டுரை எழுதி வாதாடினார் பிராட் மையர்ஸ். அப்போது அவர் டொராண்டோவில் ஆராய்ச்சி மாணவர். எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் மனிதருக்குப் பதற்றம் தணிகிறது, அந்த நேரத்தில் வேறு வேலையும் பார்க்க முடிகிறது. பின்னாளில் மையர்ஸும் கார்னகி மெலனுக்கே வந்து சேர்ந்தார்.

2007ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஒரு யோசனை உண்டு. தொடக்கத்தில் கிடைக்கும் முன்னேற்றத்தை எல்லாம் உடனே காட்டிவிடாமல் கொஞ்சம் கையில் வைத்துக்கொண்டால், பின்னால் வேலை தடுமாறும்போது அதைக் கொடுத்து ஈடுகட்டலாம். மாதக் கடைசிக்கென்று அரிசிப் பானைக்குள் பத்து ரூபாய் ஒளித்துவைக்கும் கை நினைவுக்கு வருகிறது. வேலையே நடக்காமல் வெறும் கடிகாரத்தைப் பார்த்து நகரும் பட்டைகளை என்னால் மன்னிக்க முடியாது. இது அப்படியல்ல. செய்த வேலையைத்தான் காட்டுகிறது, சற்றுத் தள்ளிக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

2010ஆம் ஆண்டுச் சோதனையில் ஹாரிசன் குழுவினர் கோடுகளைப் பல விதமாக ஓடவிட்டார்கள்: முன்னோக்கி, பின்னோக்கி, வேகம் கூட்டி, வேகம் குறைத்து. அவற்றில் பின்னோக்கி ஓடியபடியே மெல்ல வேகம் தணியும் கோடுகளைப் பார்க்கும்போது, கடற்கரையில் அலை திரும்புகையில் காலடி மணல் நழுவுவது போல இருக்கும். நாம் நின்ற இடத்திலேயே நிற்போம். உடம்பு மட்டும் எங்கோ போய்க்கொண்டிருக்கும்.