பெட்டக ஓவியம்: ஒப்பனையும் புழக்கமும்

பழம்பொருள்களை வரைந்து பதிவு செய்யும் முயற்சி மும்பைக்குப் புதியதன்று. சர் ஜே.ஜே. கலைப்பள்ளியில் 1865 முதல் 1875 வரை பணியாற்றிய ஜான் லாக்வுட் கிப்ளிங், 1870இல் சிம்லாவில் மரச்செதுக்குக் கலைஞர் ஒருவரை வேலை செய்யும் நிலையிலேயே வரைந்தார். 1884இல் அவரது பங்களிப்போடு தோன்றிய இந்தியக் கலை இதழின் வண்ணப் படங்களிலோ பொருளின் வடிவும் ஒப்பனையுமே பெரும்பாலும் முதன்மை பெற்றன. உற்பத்தியாளர்க்கு முன்மாதிரிகளை வழங்கும் நோக்கிற்கு அதுவே போதுமானதாயிற்று. புழங்குபொருள் ஆய்விற்கு அது போதுமா என்பதே இங்கு எழும் வினா.

சௌராட்டிரப் பகுதியில் 'படாரோ' எனப்படும் சீர்ப்பெட்டகத்தைச் சான்றாகக் கொள்ளலாம். அதன் முகப்பை மட்டும் வரைந்தால் பித்தளைத் தகடுகள், குமிழாணிகள், சிறு கதவு ஆகியன புலப்படும். தமிழர் வீட்டுப் பெட்டிகள் பொதுவாக மேல்மூடி உடையன; படாரோவிற்கு முகப்பில் கதவு அமைந்தமை ஏன் என்பதை அவ்வோவியம் உணர்த்தாது. அப்பெட்டகத்தின் மேல் மடித்த மெத்தைவிரிப்புகளை அடுக்கும் வழக்கம் உண்டு. மேலே சுமை இருக்கையில் மூடியைத் திறத்தல் அரிது. முகப்புக் கதவு அவ்வழக்கத்திற்கு ஏற்ற அமைப்பு எனலாம். அடியிலுள்ள மரச்சக்கரங்களோ, கனத்த பெட்டகத்தை இடம் பெயர்க்க உதவுவன. எனவே, வெறுமையான மேற்பரப்போடு தனித்து வரையப்பெறும் பெட்டகம் அழகாக இருப்பினும் அரைகுறைப் பதிவேயாகும்.

தமிழரும் குஜராத்தியரும் அடுத்தடுத்து வாழும் மாட்டுங்காவில் இவ்விரு மரபுகளையும் ஒப்பிட்டு ஆராய நல்ல வாய்ப்புண்டு. ஆயினும் குடும்பத்தை நீங்கிச் சோர் பஜாரின் பழம்பொருள் கடையை அடைந்த பெட்டகத்தில் ஒப்பனை எஞ்சும், புழக்கம் எஞ்சாது. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்திற்கு அரசு 2004இல் ஒப்புதல் அளித்தது. வீடுகள் இடம்பெயரும் இத்தகைய சூழலில் களஆய்வாளர் பணி அவசரத் தன்மை பெறுகிறது. நிழற்படத்தில் எளிதில் அடங்காத உட்பகுப்பையும் குறுக்குவெட்டையும் ஓவியம் காட்டவல்லது. ஆதலின் அளவு, உள்ளறைகள், வீட்டில் வைக்கப்பெற்ற இடம், மேலே அடுக்கப்பெற்றவை ஆகியவற்றையும் வரைந்து, திறவுகோல் யாரிடம் இருந்தது என்பதையும் கேட்டுக் குறித்தல் வேண்டும். அப்போதே ஓவியம் ஆய்வுக்குரிய சான்றாகும்.