விண்வெளி யுகத்தில் சமயமும் தனிமனித சுதந்திரமும்: மு. தளையசிங்கம் பற்றிய ஒரு நோக்கு

1961இல் யூரி ககாரின் விண்கலமேறிப் பூமியை வலம்வந்த பின்னர், விஞ்ஞானம் வளர வளரச் சமயம் தானாகவே தேய்ந்துபோகும் என்ற நம்பிக்கை கற்றோர் மத்தியில் வலுப்பெற்றது. அந்நம்பிக்கை ஒருபுறமும், ஆசாரம் அணுவளவும் பிசகலாகாது என்ற பிடிவாதம் மறுபுறமுமாக நின்ற காலத்தில், இரண்டையும் ஏற்காது சிந்தித்தவர் புங்குடுதீவு தந்த எழுத்தாளர் மு. தளையசிங்கம் (1935 - 1973). அவரது சிந்தனையை அவரது வாழ்வோடு பொருத்திப் பார்க்கும்போதே அதன் வலிமையும் குறையும் புலனாகும்.

மனிதன் சந்திரனில் கால்பதித்த மறு ஆண்டில், 1970இல், அவரது 'போர்ப்பறை' வெளிவந்தது. உபநிடதம் கூறும் அன்னமயம், பிராணமயம், மனோமயம், விஞ்ஞானமயம், ஆனந்தமயம் என்னும் ஐந்து கோசங்களையும் தளையசிங்கம் தனிமனிதனோடு நிறுத்தாது, உலக வரலாற்றின் பரிணாமப் படிகளாகக் கொண்டார். சடத்திலிருந்து உயிரும் உயிரிலிருந்து மனமும் தோன்றின. இனி மலரவேண்டியது மனத்தைக் கடந்த நிலை என்பது அவர் துணிபு. அரவிந்தரின் செல்வாக்கு இதில் வெளிப்படை. விஞ்ஞானமயம் என்பது இங்கு ஆய்வுகூட விஞ்ஞானத்தைக் குறிப்பதன்று. இந்நோக்கின்படி விண்கலம் சமயத்துக்குப் பகையன்று; மனத்தின் ஆற்றல் எட்டிய ஓர் உச்சம். ஆயின் அவ்வுச்சமே மனிதனை விடுவித்துவிடும் என்பதற்கு உறுதியில்லை.

இதற்குச் சான்று யாழ்ப்பாணத்திலேயே இருந்தது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதி காரணமாக வழிபாட்டை மறுப்பதைக் குற்றமாக்கிற்று. எனினும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் தாழ்த்தப்பட்டோரின் ஆலயப் பிரவேசத்தை முன்னின்று எதிர்த்தவர், முன்னாள் கணிதப் பேராசிரியரான சி. சுந்தரலிங்கம். கோள்களின் பாதையைக் கணிக்கவல்ல கல்வியும் கோயில் வாசலைத் திறக்கப் போதவில்லை.

தளையசிங்கத்தின் கோட்பாடு சோதனைக்குள்ளான இடம் ஒரு கிணற்றடி. சுண்ணக்கற் பாறையும் சூழ்கடலும் கொண்ட தீவுப் பகுதியில் நன்னீர் அரிது. பல கிணறுகள் உவர்நீரே தருவன. ஆதலால் அங்கு நன்னீர்க் கிணற்றை மறுப்பது ஆசாரம் பற்றிய வெறும் வாதமன்று. வெறுங்குடத்தோடு திரும்பும் குடும்பத்தின் அன்றாட வாழ்வையே மறுப்பதாகும். 1971இல், புங்குடுதீவு கண்ணகை அம்மன் கோயிற் கிணற்றில் தாழ்த்தப்பட்டோர் நீர் அள்ளும் உரிமைக்காக அவர் சத்தியாக்கிரகம் செய்தார். பொலிசாரால் தாக்குண்டார், சிறைப்பட்டார். 1973 ஏப்ரல் 2ஆம் நாள் காலமானார். அக்கிணறு அவர் பிறந்த சமூகத்துக்கு மறுக்கப்பட்டதன்று. கோயிலைத் துறந்து நின்றும் அவர் போராடவில்லை. எல்லா உயிரிலும் இறைவன் உளன் என்று கூறும் சமயம், தண்ணீருக்குத் தீட்டுக் கற்பிப்பது எவ்வாறு என்னும் கேள்வி அச்செயலிலேயே அடங்கியிருந்தது.

ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. மனிதகுலம் முழுவதும் ஏறவேண்டிய படி ஒன்றே எனின், ஏற விரும்பாதவனின் சுதந்திரம் யாது? விண்வெளிப் பயணங்களும் இவ்வினாவை எழுப்பின. 1968 டிசெம்பரில் சந்திரனை வலம்வந்த அப்பலோ 8 வீரர்கள், ஆதியாகமத்தின் தொடக்கத்தை உலகறிய வாசித்தனர். அரச நிறுவனமொன்றின் பணியில் சமயத்தைப் புகுத்தலாகாது என நாத்திகரான மடலின் மரே ஓஹேர் வழக்குத் தொடுத்தார், வழக்குப் பின்னர் தள்ளுபடியாயிற்று. 1969 யூலையில் சந்திரனில் இறங்கிய பஸ் ஓல்ட்ரின், கேட்டுக்கொண்டிருந்தோரைத் தத்தம் முறையில் நன்றி செலுத்துமாறு வேண்டிவிட்டு, தமது திருவிருந்தை ஒலிபரப்பாது அமைதியாக உட்கொண்டார். தம் வழிபாட்டை அவர் கைவிடவுமில்லை, பிறர்மீது சுமத்தவுமில்லை.

நம்பாதவனுக்குரிய இத்தகைய இடம் தளையசிங்கத்தின் பரிணாமக் கோட்பாட்டில் தெளிவாக வரையப்படவில்லை. அவரது செயலிலோ அதற்கு விடை உண்டு. நீர் அள்ள வருவோர் எதனை நம்புகின்றனர் என்று அச்சத்தியாக்கிரகம் வினவவில்லை. தடுத்து நின்றோரை வன்முறையால் வெல்லவும் முனையவில்லை. தாகமுடையோர் அனைவருக்கும் கிணறு பொது என்பதோடு அது அமைந்தது. கோட்பாட்டினும் செயல் விரிந்து நிற்கும் இவ்விடத்திலிருந்தே தளையசிங்கம் மீண்டும் வாசிக்கப்படல் வேண்டும்.