ரோலாவில் இங்க் பேனா: முதலில் மூடியைப் பாருங்கள்

இங்க் பேனாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நிப்பில்தான் ஆரம்பிப்பார்கள். தங்கமா ஸ்டீலா, மெலிதா தடிமனா, தாளில் வழுக்குகிறதா உரசுகிறதா என்று போகும். குளிர்நாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு அது போதும். ஷார்ஜா ரோலாவில் வேலை பார்க்கிறவரின் சட்டைப் பையில் இருக்கும் பேனாவுக்குப் பாடு அதிகம். ராத்திரி முழுக்க ஏசி ஓடுகிற அறை, காலையில் கடலோரப் புழுக்கம், பிறகு ஆபீஸ் ஏசி, மதியம் சாப்பாட்டுக்குத் தெருவில் இறங்கினால் 45 டிகிரி. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணி வரை வெயிலில் ஆட்களை வேலை வாங்கக் கூடாதென்று சட்டமே போட்டிருக்கும் நாடு இது. பேனாவுக்கு அந்தச் சலுகை கிடையாது.

இந்த ஊரில் தினமும் எழுதிப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: நிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், மூடி சரியில்லாத பேனா இங்கே தேறாது.

இரண்டு வியாதிகள்

முதல் வியாதி காய்வது. ஏசி அறையின் காற்றில் ஈரம் குறைவு. மூடியில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் மையிலிருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போய், சாயம் மட்டும் நிப்பில் தங்கிவிடும். அடுத்த முறை எழுதும்போது முதல் இரண்டு எழுத்து விழாது. விழுந்தால் நிறம் கெட்டியாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் செய்த மாதிரி உதறலாம்தான், பக்கத்து மேசைக்காரர் வெள்ளைச் சட்டை போடாதவராக இருந்தால். 2022 ஜனவரியிலிருந்து ஷார்ஜா அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விடுமுறை. அதையே நான் அளவுகோலாக வைத்துக்கொண்டேன்: வியாழன் மாலை மூடி வைத்த பேனா, திங்கள் காலை முதல் கோட்டிலேயே எழுத வேண்டும்.

இரண்டாவது வியாதி கக்குவது. மை குறையக் குறைய அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்கிறது. 24 டிகிரி அறையிலிருந்து 45 டிகிரி வெயிலுக்கு வந்தால் அந்தக் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் விரியும். சூட்டில் மையிலிருந்து எழும் நீராவியும் சேர்ந்தால் விரிவு இரண்டு மடங்காகும். விரிகிற காற்று எதிரே நிற்கிற மையைத்தான் தள்ளும். உள்ளே 2 மி.லி. காற்று இருந்தால் மூன்றிலிருந்து ஆறு சொட்டு மை வெளியே வரப் பார்க்கும். அரை மி.லி. மட்டும் இருந்தால் ஒரு சொட்டு, மிஞ்சினால் ஒன்றரை. அந்த அளவை நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டையின் வரிப்பள்ளங்களே தாங்கிக்கொள்ளும். அதனால் மை தங்கும் அறை எவ்வளவு சிறிதோ, சட்டைக்கு அவ்வளவு பாதுகாப்பு.

ஐந்து பேனாக்கள்

பிளாட்டினம் பிரெப்பி: 1919இல் தொடங்கிய ஜப்பானிய நிறுவனத்தின் மலிவான பேனா. பார்த்தால் பள்ளிப் பிள்ளையின் பிளாஸ்டிக் பேனாதான். மூடிக்குள் ஸ்பிரிங் வைத்த இன்னொரு சிறு மூடி இருக்கிறது. அது நிப்பைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும். ஒரு வருடம் மூடியே வைத்திருந்தாலும் மை காயாது என்கிறது கம்பெனி. திங்கள் காலைப் பரீட்சையில் இதுதான் முதல் மாணவன். 03 என்று போட்ட மெல்லிய நிப்பு தமிழுக்குப் பொருத்தம். ண, ஞ போன்ற எழுத்துகளின் சுழிகள் மையால் அடைபடாது. விலைக்கேற்ற பிளாஸ்டிக்தான், முரட்டுக் கைக்குத் தாங்காது.

பைலட் மெட்ரோபாலிட்டன்: பித்தளை உடம்பு, கையில் எடுத்தால் கனம் தெரியும், மூடி ‘டக்’கென்று அமரும். வார இறுதியைத் தாண்டிவிடும். உலோகம் என்பதால் ஏசியிலிருந்து வெளியே எடுத்ததும் உடம்பு வியர்க்கும். லீக் என்று பயப்பட வேண்டாம். ஆகஸ்ட் மாதக் காற்றிலிருக்கும் ஈரம் குளிர்ந்த உலோகத்தில் படிகிறது, அவ்வளவுதான்.

லாமி சஃபாரி: 1980இலிருந்து வரும் ஜெர்மன் பேனா. 2024இல் லாமி கம்பெனியை ஜப்பானின் மிட்சுபிஷி பென்சில் வாங்கிவிட்டது. முக்கோணமாகச் செதுக்கிய பிடி, வியர்த்த விரலுக்கு நல்ல பிடிமானம். ஆனால் அவர்கள் நினைத்தபடிதான் நீங்கள் பிடிக்க முடியும். பேனாவைச் சாய்த்துத் திருப்பிப் பிடிக்கிறவருக்கு எரிச்சலாக இருக்கும். ஒரே அளவு எழுதியிருந்தாலும் ஜெர்மன் நிப்பு ஜப்பானிய நிப்பைவிடத் தடித்து எழுதும், ஒரு படி மெலிதாக வாங்குங்கள். விலை 100 திர்ஹத்தை ஒட்டி இருக்கும். பாதி விலைக்குக் கிடைத்தால் போலியா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ட்விஸ்பி ஈகோ: தைவான் பேனா. பின்பக்கம் திருகினால் பிஸ்டன் மையை இழுத்துக்கொள்ளும், சுமார் 1.7 மி.லி. பிடிக்கும். உடம்பு கண்ணாடி மாதிரி, எவ்வளவு மை மீதி என்று வெளியிலிருந்தே தெரியும். திருகு மூடிக்கு ரப்பர் வளையம் உண்டு, காய்வதில்லை. அறை பெரிது என்பதால் பாதிக்குக் கீழே இறங்கவிடாமல் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நிறைய எழுதுகிறவருக்கு இது.

எபோனைட் ஐட்ராப்பர்: ஒரு காலத்தில் வளைகுடாவிலிருந்து ஊருக்குப் போகிறவர் பெட்டியில் கோடாலித் தைலத்தோடு ஹீரோ பேனாவும் இருக்கும். இன்றைக்குப் பேனாப் பிரியர்களிடம் ஓட்டம் எதிர்த்திசை. சென்னை பாரிமுனை ஜெம் அண்ட் கோவின் காமா, திருவள்ளூர் ரங்கா, ராஜமுந்திரி ரத்னம் என்று ஊரிலிருந்து வருகிறவரிடம் சொல்லிவிடுகிறார்கள். கடைந்தெடுத்த கெட்டி ரப்பரில் செய்த, தலைமுறை தாண்டி வரும் கைவேலை. கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. சிக்கல் ஐட்ராப்பர் என்ற அமைப்பில்தான் இருக்கிறது. யார் செய்தாலும், உடம்பு முழுக்க மை பிடிக்கும் பேனா பாதி காலியானதும் வெயிலில் கக்கத்தான் செய்யும். மேசையை விட்டு எழாத பேனாவாக வைத்துக்கொள்ளுங்கள், அல்லது கன்வர்ட்டர் (கழற்றி மாட்டும் சிறு மைக்குழாய்) போடும் வடிவத்தைக் கேட்டு வாங்குங்கள்.

மை

தினசரிக்கு ராயல் ப்ளூவை மிஞ்ச ஆளில்லை. 1931இல் தொடங்கிய கேம்லினின் பாட்டில் ஊரில் எங்கும் கிடைக்கும். பெலிக்கன் 4001உம், அதே 1931இல் வந்த பார்க்கர் குவிங்க்கும் இங்கே எளிதில் கிடைக்கும். காய்ந்தாலும் தண்ணீரில் கரைந்துவிடும். அதுவேதான் குறையும்: வியர்வைச் சொட்டு விழுந்தால் வரி அழியும், வெயில் பட்ட தாளில் வெளுக்கும்.

அழியாத எழுத்து வேண்டுமென்றால் இரண்டு வழி. இரும்புச் சத்து சேர்ந்த ப்ளூ-பிளாக், எழுதும்போது நீலமாக இருந்து காற்றுப் பட்டதும் கறுக்கும். பெலிக்கன் 4001 ப்ளூ-பிளாக் அந்த வகை. இன்னொன்று பிளாட்டினம் கார்பன் பிளாக் போன்ற கரித்துகள் மை. தாளில் காய்ந்தால் தண்ணீருக்கு அசையாது. பேனாவுக்குள் காய்ந்தாலும் அசையாது. அதனால் கார்பன் மையை நல்ல மூடியுள்ள பேனாவில் மட்டும் ஊற்றுங்கள். பிரெப்பியும் கார்பன் பிளாக்கும் சேர்ந்தால் கையெழுத்துக்கும் முகவரிக்கும் அருமையான ஜோடி.

நிறத்தில் ஆசை உள்ளவருக்குப் பைலட் இரோஷிசுகு, 1864இல் தொடங்கிய டயமைன், கேரளத்துப் பட்டாம்பியின் கிருஷ்ணா, 1934இல் பிறந்த வங்காளத்து சுலேகா என்று வரிசை நீளம். மினுக்குத் தூள் கலந்த மைகளை மட்டும் இங்கே தவிர்க்கலாம். கொஞ்சம் காய்ந்தாலும் அந்தத் தூள் கட்டையின் பள்ளங்களை அடைத்துவிடும். அரபு எழுதும் சகாவுக்குப் பேனா பரிசளிப்பதாக இருந்தால் சீக்கிரம் காயும் மையாகப் பாருங்கள். வலமிருந்து இடமாக எழுதும் வலக்கை, இப்போதுதான் எழுதிய வரிமேலேயே நகர்கிறது.

கழுவுதலும் விமானமும்

கோடையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர், குழாயைத் திறந்தால் கொதிக்கும். எபோனைட் பேனாவை அதில் கழுவினால் பளபளப்பு போய்ப் பழுப்பேறும். குளிப்பதற்கு இங்கே எல்லோரும் செய்கிற வித்தையே பேனாவுக்கும் ஆகும்: ஹீட்டரை அணைத்துவிட்டு, அதன் தொட்டியில் ஆறிக் கிடக்கும் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளுங்கள். காரில் பேனாவை விட்டுவிட்டுப் போகாதீர்கள். வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே சூடு 60 டிகிரியைத் தாண்டும்.

ஷார்ஜாவிலிருந்து சென்னைக்கு நான்கு மணி நேரப் பறத்தல். விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது; பேனாவுக்குள் இருக்கும் காற்று வெயிலில் விரிவதைவிட அதிகமாக விரியும். பேனாவை முழுக்க நிரப்புங்கள், அல்லது முழுக்கக் காலி செய்யுங்கள். நிப்பு மேல்நோக்கி இருக்கட்டும். ஊரிலிருந்து கொண்டுவரும் மை பாட்டில் 100 மி.லி.க்குள் இருந்தால் கைப்பையிலேயே வரலாம். பெட்டியில் போடுவதாக இருந்தால் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் வையுங்கள்.

தீர்ப்பு

கார்பன் வைத்த ரசீதுப் புத்தகமும் கார்கோ ரசீதும் எழுதுவதே வேலை என்றால் இங்க் பேனா உங்களுக்கு உதவாது. அடியிலுள்ள நகலில் எழுத்து பதிய அழுத்த வேண்டும். அழுத்தினால் நிப்பு விரியும். பால்பாயிண்ட் இருக்கட்டும். ஆபீஸ் பிரிண்டரின் 80 ஜிஎஸ்எம் தாளில் குறிப்பு எழுதுகிறவர், டைரி எழுதுகிறவர், கையெழுத்துப் போடுகிறவர் தாராளமாக இறங்கலாம்.

முதல் பேனாவுக்குப் பிரெப்பி 03உம் ஒரு ராயல் ப்ளூவும் போதும். கை பழகிய பிறகு அலுவலகத்துக்கு மெட்ரோபாலிட்டன், பக்கம் பக்கமாக எழுதுகிறவருக்கு ஈகோ, வீட்டு மேசைக்கு ஓர் எபோனைட். கடையில் நிப்பை எழுதிப் பார்ப்பதற்கு முன்னால் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். தனியாக ஓர் உள்மூடியோ ரப்பர் வளையமோ இருக்கிறதா, மூடினால் ஆடாமல் உட்காருகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் பிறகு நிப்புக்குப் போகலாம்.