ஆறு கிலோமீட்டர் வாதம்

புதுச்சேரி யூனியன் பிரதேசம் ஒன்று. தொலைபேசி வட்டங்களோ மூன்று. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாடு வட்டத்தில் இருக்கின்றன, மாஹே கேரளத்தில், ஏனாம் ஆந்திரத்தில். 2015 ஜூலையில் நாடு முழுவதற்குமான எண் மாற்ற வசதி வரும்வரை, மாஹேவுக்கு மாற்றலாகிப் போன புதுச்சேரி ஊழியர் பழைய எண்ணை அங்குள்ள சேவைக்கு மாற்றிக்கொள்ள வழியில்லை. எங்கோ வகுக்கப்படும் தொலைத்தொடர்பு விதி வீட்டுக்குள் வந்து நிற்கும்.

அந்த விதிகளில் ஆழமானவை தரநிலைகள். டவரும் கைபேசியும் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்பதை 1998 முதல் 3ஜிபிபி என்ற கூட்டமைப்பு வகுக்கிறது. ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், கொரியா, சீனா ஆகியவற்றின் ஆறு அமைப்புகள் இருந்த அந்த அவையில், 2015-இல் இந்தியாவின் தரநிலை அமைப்பான டிஎஸ்டிஎஸ்ஐ ஏழாவதாகச் சேர்ந்தது. சேவை நிறுவனங்கள், கருவி உற்பத்தியாளர்கள், கல்வி நிறுவனங்கள் மூன்றையும் உறுப்பினர்களாகக் கொண்ட சங்கம் இது.

இதன் பெரிய சாதனை ஒரு தூரக் கணக்கு. கிராமப்புறத்துக்கான 5ஜி சோதனையில் டவர்களுக்கு இடையே 1,732 மீட்டர் என்பது வழக்கமான அளவு. இந்தியக் கிராமங்களில் அவ்வளவு நெருக்கமாக டவர் நட்டால் செலவு கட்டாது. ஊராட்சிக்கு ஒரு டவர், இடைவெளி 6 கிலோமீட்டர், அதிலும் சேவை கிடைக்க வேண்டும் என்று டிஎஸ்டிஎஸ்ஐ வாதாடியது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அதைச் சோதனை நெறிகளில் சேர்த்தது. பாகூர், நெட்டப்பாக்கம் வயல்வெளிகளைப் பார்த்தவர்களுக்கு இந்த வாதத்தின் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை. ஐஐடி ஹைதராபாத், சென்னையின் செவிட் போன்ற ஆய்வுக்கூடங்களின் உழைப்பு இதன் பின்னால் இருக்கிறது.

சறுக்கல் அடுத்த அடியில். இந்தத் தேவைக்காக 5ஜிஐ என்று தனித் தரநிலையே உருவானது. 2020 நவம்பரில் சர்வதேச ஒன்றியத்தின் ஒப்புதலும் கிடைத்தது. சேவை நிறுவனங்கள் எதிர்த்தன: உலகச் சந்தைக்கு வெளியே நின்றால் கருவிகளின் விலை ஏறும், கைபேசிகள் கிடைக்காது. அவர்கள் சொன்னதே சரி. பாரிஸிலிருந்து உறவினர் கொண்டுவரும் கைபேசி கடற்கரைச் சாலையிலும் வேலை செய்ய வேண்டிய ஊர் புதுச்சேரி. ஒத்துழைப்புக்காகப் பிறந்த அமைப்பு, டவர் நடுபவரையும் சிப் செய்பவரையும் இணங்க வைக்காமலே வெகுதூரம் போய்விட்டது.

கடைசியில் 5ஜிஐயின் கூறுகள் 3ஜிபிபியின் 17-ஆம் வெளியீட்டில் இணைக்கப்பட்டன. 2022 அக்டோபர் 1 அன்று இந்தியாவில் தொடங்கிய 5ஜி, உலகம் பயன்படுத்தும் அதே 5ஜிதான். இதைத் தோல்வி என்று எழுதிவிடுவது அவசரம். ஆனால் தரநிலையில் ஓர் அம்சம் இடம்பெறுவது வேறு, கைபேசிக்குள் அது வருவது வேறு. இரண்டாவது நடக்க வேண்டுமானால் உற்பத்தியும் காப்புரிமையும் இங்கே வளர வேண்டும்.

6ஜிக்கு சர்வதேச ஒன்றியம் 2023-இல் வகுத்த ஆறு பயன்பாட்டுக் களங்களில், எங்கும் எட்டும் இணைப்பும் ஒன்று. கிராமத்துக்கும் சேவை என்ற வாதத்தை அங்கே வெல்ல, சிக்னல் எங்கே விழுகிறது, எங்கே அறுகிறது என்ற கள அளவீடுகள் வேண்டும். புதுச்சேரித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்ற உள்ளூர் நிறுவனங்களின் ஆசிரியர்களும் மாணவர்களும் கொம்யூன் கொம்யூனாக அவற்றைத் திரட்டி டிஎஸ்டிஎஸ்ஐயின் மேசையில் வைக்க வேண்டும். சங்கமும் அவர்களைத் தேடி வர வேண்டும்.