தேசிங்கு கதையும் தூங்காத பிள்ளையும்

செஞ்சிக் கோட்டையின் நிழலில் வாழும் நமக்குத் தேசிங்குராஜன் கதை பாயில் படுத்தபடியே கேட்ட கதை. 1714-இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் பெரும்படையை எதிர்த்து இளமையிலேயே மடிந்தான் மன்னன். மணக்கோலத்தோடு விரைந்து வந்த நண்பன் மகபத்கானும் களத்தில் வீழ்ந்தான் என்கிறது கதைப்பாடல். குதிரைக்கும் நட்புக்கும் அது தாராளமாக இடம் தருகிறது. அப்பகுதிகளின் வேகம் இன்றும் நம்மைக் கட்டிப்போடுகிறது. கைம்பெண்ணான ராணிக்கோ தீயை மட்டுமே தருகிறது. அதையும் பெருமையாக்குவதுதான் நமக்கு உறுத்துகிறது.

நம் மாவட்டத்துக் கீழ்ப்புத்துப்பட்டு முகாமில் ஈழத்துத் தாய்மார் வாழ்கின்றனர். போரில் கணவனை இழந்த ஒருத்தி இக்கதையைத் தன் பிள்ளைக்கு எப்படிச் சொல்வாள்?

மட்டக்களப்பில் 1996-இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இங்கே நினைவுக்கு வருகிறது. இயேசு சபை அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடா நாட்டுக் கலைஞர் போல் ஹோகனும் அதன் முன்னோடிகள். தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே ஒன்றாகக் களிமண் பிசைந்தனர், படம் வரைந்தனர், கதை புனைந்தனர். நேரே சொல்லவியலாத துயரத்துக்கு ஒரு வாய் கிடைத்தது.

கதையொன்றே மருந்து என்று நாம் கூறவில்லை. இரவெல்லாம் அலறும் பிள்ளையை மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். ஆயினும் வீட்டுக் கதைக்கு ஓர் உரிமை உண்டு. சொல்பவளும் காயப்பட்டவள், தாங்காத இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். பிள்ளையும் குறுக்கிடலாம். "ராணி குதிரையேறித் தப்பிப் போனாளா அம்மா?" என்று அது கேட்டால், "போனாள்" என்று சொல்லட்டும். வரலாற்றைத் திருத்த வரும் புலவர்கள் அன்றிரவு வாசலிலேயே நிற்கட்டும்.