தோற்ற பிறகு

“சண்டைன்னா இதுதானுங்க!” என்றார், பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’யை (2021) என்னோடு பார்த்த ஆர்.எஸ்.புரத்து நண்பர். டான்ஸிங் ரோஸ் வளையத்துக்குள் ஆடி வருகிற அழகு ஒன்றே போதும், மறுக்கவில்லை. என் குறை வேறு. கபிலன் ஜெயிலுக்குப் போய் வந்து, சாராயத்தில் ஊறி வீணாகும் வருஷங்கள் அவசரமாகக் கழிந்துவிடுகின்றன. கதாசிரியனுக்கு அங்கேதானே வேலை? பீடி ராயப்பன் வந்ததும் உடம்பு தேறுகிறது; கடைசியில் எதிரியும் சாய்கிறான்.

நிஜத்தில் இந்த வசதி கிடையாது. பூஜா தோமரைப் பாருங்கள். உத்தரப் பிரதேசத்து கிராமப் பெண்; வூஷு என்ற சீனச் சண்டையில் தேசியச் சாம்பியன். குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டைக்கு மாறினார். 2024 ஜூனில் அமெரிக்காவின் லூயிவில் நகரில், யு.எப்.சி. பந்தயத்தில் ஜெயித்த முதல் இந்தியப் பெண் ஆனார். எப்படி ஜெயித்தார்? ஒரு நடுவர் இவருக்கு 30-27 போட்டார். இன்னொருவர் அதே 30-27ஐ எதிராளிக்குப் போட்டார்! மூன்றாமவரின் 29-28 காப்பாற்றியது. (ஒரே நாவலுக்கு இரண்டு பத்திரிகைகளில் மதிப்புரை வாங்கியவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது.) 2025 மார்ச்சில், லண்டனில், ஷானா பானன் தரையில் வைத்து முழங்கையைப் பூட்டிவிட்டார். நின்று அடித்துப் பழகியவர் இரண்டாம் சுற்றிலேயே தோற்றார்.

மறுநாள் காலை அந்தக் கையோடு என்ன செய்வது? படம் தாண்டிப் போவது இந்தக் கேள்வியைத்தான்.

“அதையெல்லாம் காட்டினா யாருங்க பார்ப்பாங்க?” என்றார் நண்பர்.

நான் பார்ப்பேன் என்றேன். அவர் நம்பவில்லை.