சிங்கம்பட்டியும் ‘கடைசி மன்னர்’ என்னும் சொல்லும்

அம்பாசமுத்திரத்தை அடுத்த சிங்கம்பட்டியின் ஜமீன்தார் டி.என்.எஸ். முருகதாஸ் தீர்த்தபதி 2020 மே மாதம் மறைந்தார். தமிழகத்தின் கடைசி மன்னர், முடிசூட்டப்பட்ட கடைசி ராஜா என்ற தொடர்கள் அப்போது செய்திகளில் நிறைந்தன. சிறுவயதில் அவருக்குப் பட்டம் கட்டியது உண்மை. ஆண்டுதோறும் ஆடி அமாவாசையில் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் அரச உடையில் அமர்ந்து மக்களுக்குக் காட்சி தந்ததும் உண்மை. தாமிரபரணிக் கரையில் அந்த மரியாதைக்கு இன்றும் குறைவில்லை. ஆயினும் ‘மன்னர்’ என்ற சொல் வரலாற்றில் எதைக் குறிக்கிறது என்ற கேள்வி எஞ்சுகிறது.

திருநெல்வேலிச் சீமையின் பாளையங்கள் மதுரை நாயக்கர் ஆட்சியில் ஒழுங்கமைந்தவை. பாளையக்காரர் வரி தண்டினார், படை வைத்திருந்தார், ஊர்க்காவலுக்கும் திசைக்காவலுக்கும் கட்டணம் பெற்றார், குற்றங்களை விசாரித்தார். ஆனால் மேலே மதுரைக்கும் பின்னர் ஆற்காட்டு நவாபுக்கும் கப்பம் கட்டக் கடமைப்பட்டவர். தனக்கு மேல் யாருமில்லை என்று பதினான்காம் லூயி சொல்லிக்கொண்ட வகையிலான முழு முடியாட்சி இங்கே எந்தப் பாளையத்திலும் இருந்ததில்லை. கப்பம் கட்டாமல் தட்டிக்கழித்த காலங்களில்தான் அதை ஒட்டிய ஒன்று இருந்தது எனலாம்.

ஐரோப்பாவில் முடியாட்சி பிழைத்த விதத்தோடு இதை ஒப்பிடலாம். டென்மார்க்கின் ஏழாம் பிரடெரிக் 1849ஆம் ஆண்டு அரசியல் சட்டத்துக்கு இணங்கி முழு அதிகாரத்தைக் கைவிட்டார். முடி இன்றும் இருக்கிறது. அதிகாரத்தை விட மனமில்லாத ரஷ்யாவின் இரண்டாம் நிக்கோலஸ் 1917ஆம் ஆண்டு முடியையே இழந்தார். திருநெல்வேலியிலும் மேலோட்டமாக இதே கணக்குதான். எதிர்த்து நின்ற கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801ஆம் ஆண்டு இரண்டாம் போருக்குப் பின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. கம்பெனியின் பக்கம் நின்ற எட்டயபுரம் இருபதாம் நூற்றாண்டு வரை நீடித்தது.

ஒப்புமை இங்கேயே முறிகிறது. டென்மார்க் அரசர் விட்டுக்கொடுத்த அதிகாரம் அந்நாட்டு மக்களின் சபைக்குப் போனது. பாளையக்காரர்களிடமிருந்து பறிக்கப்பட்ட அதிகாரம் கலெக்டருக்குப் போனது. 1801 டிசம்பர் அறிக்கை கோட்டைகளையும் ஆயுதங்களையும் ஒழித்தது. 1803ஆம் ஆண்டு சன்னதுகள் பேஷ்குஷ் தொகையை நிரந்தரமாக நிர்ணயித்தன. காவல் உரிமையும் நீதி வழங்கும் உரிமையும் நீங்கின. எஞ்சியவை நிலம், குத்தகை வருமானம், கோயில் முதல் மரியாதை. அரசு போய்விட்டது, ஆனால் குடியானவர் மீதான பிடி போகவில்லை. ஜமீன் பெருமை பேசும் கட்டுரைகள் பெரும்பாலும் தொடாத இடம் இது.

இந்த அரசர்களுக்கு மேல் வேறோர் அரசு இருந்தது என்பதற்கு 1919ஆம் ஆண்டு வழக்கு ஒன்றே போதும். வயது வராத ஜமீன் வாரிசுகள் படித்த சென்னை நியூவிங்டன் பள்ளியின் முதல்வர் டி லா ஹே சுட்டுக் கொல்லப்பட்டார். கடம்பூர், சிங்கம்பட்டி வாரிசுகள் அவ்வழக்கில் சிக்கினர்; பம்பாயில் நடந்த விசாரணை விடுதலையில் முடிந்தது. அந்தச் செலவு உண்டாக்கிய கடனாலேயே 1929ஆம் ஆண்டு மாஞ்சோலை மலையில் சுமார் 8,373 ஏக்கர் பம்பாய் பர்மா வணிக நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. காரணம் எதுவாயினும், அந்தக் கையெழுத்தின் விளைவு மலையில் லயன் வீடுகளாக எழுந்தது. 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடிக்குப் பின் 17 பேர் தாமிரபரணியில் உயிரிழந்தனர். சிங்கம்பட்டி வரலாறு எழுதுவோர் அரண்மனையின் வாள்களையும் சிம்மாசனத்தையும் விவரிக்கும் அளவுக்கு இதையும் எழுத வேண்டும்.

சட்ட நோக்கிலும் ‘மன்னர்’ என்பது பொருந்தாது. புதுக்கோட்டை சமஸ்தானம், 1948 மார்ச்சில் இந்தியாவுடன் இணைந்தது, அதன் மன்னர் மானியம் பெற்றார். அந்த மானியங்களை 1971ஆம் ஆண்டு 26ஆம் அரசியல் சட்டத் திருத்தம் நீக்கியது. சிங்கம்பட்டியை ஒழிக்க இணைப்பு ஒப்பந்தமோ அரசியல் சட்டத் திருத்தமோ தேவைப்படவில்லை. சென்னை மாகாணத்தின் 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் 1952ஆம் ஆண்டு அது அரசுடைமையானது. கிடைத்தது நில உடைமையாளருக்கான இழப்பீடு.

எனவே ‘பட்டம் கட்டப்பட்ட கடைசி ஜமீன்தார்’ என்பதே சரியான தொடர். அவருடைய தமிழ்ப் பற்றையும் கோயில் பணியையும் மதிப்பவர்களுக்கு இது குறைவாகத் தோன்றலாம். ஆனால் சொரிமுத்து அய்யனார் கோயில் இன்று களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு எத்தனை நாள் தங்கலாம், எந்த வண்டி மேலே போகலாம் என்பதை வனத்துறையும் மாவட்ட நிர்வாகமும்தான் அறிவிக்கின்றன.